வாய்தா மட்டும்

கிணற்றை மூடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது மணிமேகலை ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிரச்சார வேன் எங்கே நின்றாலும் முதலில் ஆரத்தித் தட்டு வரும், பின்னால் ஒரு சால்வை வரும், அதற்கும் பின்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கைக்குழந்தை வந்துவிடும். வருடக்கணக்காகக் கோர்ட்டில் நின்று பழகியவளுக்குச் சால்வை வாங்கப் பழகிவிட்டது. குழந்தையை வாங்கத்தான் இன்னும் கை கூசியது. இது கழுத்து நிற்காத பெண் குழந்தை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இத்தனை பேர் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரிப்பதுபோல அவளைப் பார்த்தது.

"நல்ல பேரா வைங்க வக்கீலம்மா. உங்கள மாதிரி படிக்கணும்" என்றாள் தாய்.

அந்த நேரம் பார்த்து இடது கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் அவளுடைய ஜூனியரின் பெயர். வேறு பெயர் எதுவும் நினைவுக்கு வராமல், யாரோ முன்னால் நீட்டிய மைக்கில் அதையே படித்தாள். "ஜீவிதா."

கூட்டம் கைதட்டியது. தாய் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். மணிமேகலை வேனின் மறுபக்கம் போய்ப் போனை எடுத்தாள்.

"மேடம், பூசாரிக்களத்துல ஜக்கம்மா கிணத்த மூடுறாங்க. ஜேசிபி நிக்குது, டிப்பர்ல மண்ணு வந்துக்கிட்டே இருக்காம்."

"அதுக்குத்தான் தடை வாங்கியிருக்கே? ஆர்டர் காப்பிய எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடு. எஸ்.ஐ.கிட்ட நான் பேசுறேன்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஜீவிதா?"

"மேடம்... தடை இப்ப இல்ல மேடம். போன வாய்தாவுல நாம நீட்டிக்கச் சொல்லிக் கேக்கல."

வேனின் தலையில் கட்டியிருந்த தையல் இயந்திரம், அவளுடைய தேர்தல் சின்னம், வெயிலில் மின்னியது. மணிமேகலை அதன் நிழலுக்குள் போய் நின்றுகொண்டாள்.

வழக்கு சிக்கலானது அல்ல. வடமதுரைக்கு அந்தப் பக்கம் பூசாரிக்களத்தில் ஜக்கம்மாளுக்கு ஒரு மல்லிகைத் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. பக்கத்து நிலங்களையெல்லாம் வாங்கி மனை பிரித்த சுருளிவேல், கிணறு இருக்கும் துண்டும் தன் பத்திரத்தில் அடங்கியது என்றார். வழக்கு முடியும் முன் அவர் கிணற்றில் கை வைத்துவிடக் கூடாது என்று மணிமேகலை இடைக்காலத் தடை வாங்கினாள். அந்தத் தடைக்கு ஆயுள் அடுத்த வாய்தா வரைதான். ஒவ்வொரு வாய்தாவிலும் எழுந்து நின்று, "தடையை நீட்டித்துத் தர வேண்டும்" என்று கேட்க வேண்டும். நீதிபதி ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரியில்தான் கிணறு உயிரோடிருந்தது.

ஜூனியர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். "அய்யா தலையாட்டுறதப் பாத்துட்டு வந்துறாத. எழுதுறதப் பாத்துட்டு வா."

போன வாய்தாவும் அவள் வேட்புமனு தாக்கல் செய்த நாளும் ஒரே நாளாக வந்துவிட்டன. எதிர்த்தரப்பு வக்கீல் முகமது பாரூக்கைப் போனில் பிடித்து, தேர்தல் முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதற்கென்ன என்றார் அவர். வக்கீல்களுக்குள் அது சாதாரணம். பிறகு ஜீவிதாவைக் கூப்பிட்டாள். தாலுகா அலுவலக வாசலில் கொட்டுச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "வாய்தா மட்டும் வாங்கிட்டு ஓடி வந்துரு. இங்க ஆள் வேணும்."

மட்டும் என்றாள். அந்தப் பெண் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டது.

வேன் பூசாரிக்களத்துக்குத் திரும்பியது. ஈஸ்வரன் முன்சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி உட்கார்ந்தான். விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். அவளைத் தேர்தலில் நிற்க வைத்ததே அவன்தான். "எத்தன நாளைக்குக்கா ஒரு ஆளுக்கு ஒரு ஆர்டரா வாங்கிக்கிட்டிருப்பீங்க? சட்டம் போடுற எடத்துக்கே போங்க" என்று அவன் ஒரு டீக்கடையில் சொன்னபோது, கோட்டையில் யாரும் இல்லாத ஒரு பெரிய மண்டபமும் அதில் தன் குரல் மட்டும் எதிரொலிப்பதும் அவள் கண்முன் வந்தன. பல இரவுகள் அந்த மண்டபம் வந்தது. அதனால்தான் சரி என்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான் இப்போது. "இது நமக்கு வந்த யோகம்."

"என்னடா சொல்ற? கிணறு போயிருச்சு."

"கிணறு போச்சு, வாஸ்தவம். மூடுனது யாரு? சுருளிவேலு. அவரு யாரு வேன்ல தொங்கிக்கிட்டுப் போறாரு? நம்ம எதிராளி வேன்ல. ஓட்டுக்கு நாலு நாள் இருக்கையில ஒரு சம்சாரி கிணத்த மூடுறாய்ங்க. நாமளே உக்காந்து திட்டம் போட்டாலும் இம்புட்டு அழகா வராது."

தடை முடிந்துபோனதை அவனிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். போன் மறுபடி அதிர்ந்தது. பாரூக்.

"கேள்விப்பட்டேன் மேடம். சுருளிவேல் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கோர்ட்டு வெப்சைட்டுல அவரு மகன் பாத்துருக்கான். தடைன்னு எதையும் காணோமே சார்னு முந்தாநாள் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"காணோம்தான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"அன்னைக்கே கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். நீங்க என் எடத்துல இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கிணறு இருந்த இடத்தில் புதுச் செம்மண் வட்டமாக மேடு கட்டியிருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு குழாய் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. மோட்டார் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது, இறைப்பதற்குத்தான் எதுவுமில்லை. டிப்பர்கள் போய்விட்டிருந்தன. ஊர் மொத்தமும் நின்றது. மண்மேட்டின் ஓரத்தில் ஜக்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையில் கொஞ்சம் மண்ணை எடுப்பதும், பார்ப்பதும், கொட்டுவதுமாக இருந்தாள்.

"வக்கீலம்மா வந்துருச்சு" என்றது கூட்டம். வழிவிட்டார்கள். அந்த வழியில் நடப்பது அவளுக்குச் சாட்சிக் கூண்டுக்கு நடப்பதுபோல இருந்தது.

"கோர்ட்டு வேணாம்னு சொல்லியும் மூடிட்டாய்ங்க பாத்தியாம்மா" என்றார் ஒரு பெரியவர். "அம்புட்டுத் திமிரு."

நாலைந்து போன்கள் அவள் முகத்துக்கு நேராக உயர்ந்தன. ஈஸ்வரன் மைக்கைக் கையில் திணித்தான்.

அவள் பேசினாள். "ஒரு விவசாயியின் கிணற்றைப் பட்டப்பகலில் வந்து மூடிவிட்டுப் போகிறார்கள் என்றால், அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்." கூட்டம் சொன்னது. எதிர் வேட்பாளரின் பெயரை உரக்கச் சொன்னது. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டுவிட்டால் பொய்யாகாது. குறுக்கு விசாரணையில் பழகியது அது. சொல்லி முடித்ததும் நாக்கில் செம்மண் ஒட்டியதுபோல் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அந்த வீடியோ தொகுதி முழுக்கச் சுற்றிவிட்டது. பழக்கமில்லாத தெருக்களில்கூடப் பெண்கள் வாசலுக்கு வந்து கையசைத்தார்கள். "கிணத்துக்காக அழுதாங்கல்ல, அந்தம்மா" என்றார்கள். அவள் அழவில்லை. வீடியோவில் வியர்வை அப்படித் தெரிந்தது.

ஜீவிதா அவசர மனு போட்டு மறுநாளே ஒரு உத்தரவு வாங்கிவிட்டாள். அதைப் போனில் படித்துக்காட்டியபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "என்னாலதான் மேடம்."

"இல்ல. நான் மட்டும்னு சொன்னேன், நீ மட்டும்னு கேட்ட. அழாத" என்றாள் மணிமேகலை.

அதற்கடுத்த நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், வேன் இல்லாமல், கொடி இல்லாமல், தன் பழைய ஸ்கூட்டரில் அவள் பூசாரிக்களத்துக்குப் போனாள். ஜக்கம்மாள் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். செடிகள் இன்னும் வாடத் தொடங்கவில்லை. மொட்டுகள் மட்டும் சிறுத்திருந்தன.

"வாங்க வக்கீலம்மா. இந்நேரத்துக்கே ஓட்டுக் கேக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். "எங்க ஓட்டு எங்கயும் போகாது. நீங்க மத்த ஊரப் பாருங்க."

"ஜக்கம்மாக்கா, ஒண்ணு சொல்லணும். கிணத்த மூடுனது சுருளிவேலு. ஆனா மூடலாம்னு வழிய விட்டது நான்."

ஜக்கம்மாளின் விரல்கள் நின்றன. மணிமேகலை சொன்னாள். தடைக்கு நாள் கணக்கு உண்டு என்பதை, ஒவ்வொரு தடவையும் கேட்டு நீட்ட வேண்டும் என்பதை, போன தடவை கேட்கவில்லை என்பதை. எங்கே இருந்தாள், எதற்காகப் போகவில்லை என்பதையும் சொன்னாள். சட்டச் சொல் ஒன்றையும் உபயோகிக்காமல் ஒரு விஷயத்தைச் சொல்வது இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அந்த ஒரு வார்த்தையக் கேக்க எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு நிமிஷங்கூட ஆகாது."

"ம்." ஜக்கம்மாள் மறுபடி பூ எடுக்கத் தொடங்கினாள். ஒரு செடி முடித்து அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "இது ஊருல வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்."

"ஏன்? நான் மட்டும் என்ன பாவஞ்செஞ்சேன்?"

மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்துப் பூராவும் தெருத் தெருவாப் போயி, தையல் மிசினுக்குப் போடுங்கடின்னு சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றாள் ஜக்கம்மாள். மரியாதை குரலிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. "இப்ப நீ வந்து இத என் முந்தியில முடிஞ்சு விட்டுட்டுப் போற. நான் யாருகிட்டப் போயி அவுக்க? சொன்னா ஒனக்கு ஓட்டுப் போகும். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் போகும். ஒன் மனசு லேசாகணும்னு வந்தியா தாயி?"

எத்தனையோ சாட்சிகளிடம் அவள் இப்படிக் கேட்டிருக்கிறாள். பதில் வராது என்று தெரிந்தே கேட்டிருக்கிறாள்.

"புதுசா ஒரு ஆர்டர் வாங்கியிருக்கோம்" என்றாள், கேட்காத கேள்விக்கு. "வழக்கு முடியிறவரைக்கும் எல்லாம் இருக்கிற நிலையிலயே இருக்கணும். யாரும் எதுவும் பண்ணக் கூடாது."

"இருக்கிற நிலைன்னா?"

"இப்ப எப்படி இருக்கோ அப்படியே."

"அப்ப கெணத்துக்குள்ள கெடக்குற மண்ணு?"

மணிமேகலை மண்மேட்டைப் பார்த்தாள்.

"அதுவும் அப்படியே கெடக்கணும். நானே மம்பட்டியெடுத்துத் தோண்டுனாலும் குத்தம். அப்படித்தானே?" ஜக்கம்மாள் சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, கூடை ஆடியது. "நல்லாருக்கு ஒங்க கோர்ட்டு. கெணறு இருந்தப்ப காவல் இல்ல, மண்ணுக்குக் காவல் போட்டுட்டீங்க."

மணிமேகலை ஸ்கூட்டரை எடுக்கும்போது ஜக்கம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்: "மைக்கு வச்சிருக்கீல்ல. எங்கிட்டச் சொன்னத அதுல சொல்லு."

அன்றுதான் பிரச்சாரம் ஓயும் நாள். வடமதுரை கடைவீதியில் கடைசிக் கூட்டம். சந்தைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்கள், பூசாரிக்களத்திலிருந்து இரண்டு மினி லாரியில் வந்த பெண்கள் என்று வீதி நிறைந்திருந்தது. மணிமேகலை வேனின் மேல் நின்றாள். அந்த எதிரொலிக்கும் மண்டபத்தை நினைக்கப் பார்த்தாள். இன்றைக்கு அது வரவில்லை. கீழே முகங்கள் மட்டும்தான்.

"பூசாரிக்களத்துக் கிணறு மூடப்பட்டதற்கு நானும் ஒரு காரணம்" என்றாள். "அந்தத் தடையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது என் வேலை. அன்று நான் வேட்புமனு கொடுக்க நின்றேன். கேட்கத் தவறிவிட்டேன். தடை முடிந்த பிறகுதான் மூடினார்கள். இதை மறைத்து உங்களிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது."

ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவாறே நின்றார். பயத்துக்குள்ளேயே அவளுக்கு மெல்ல ஒரு நிம்மதியும் வந்தது.

பிறகு ஒரு பெண் குரல்: "அம்மாவ மிரட்டிட்டாய்ங்கப்பா!"

"எவன்டா எழுதிக் குடுத்தான் இத?" என்றது இன்னொரு குரல்.

"இல்லை, யாரும் மிரட்டவில்லை. நான் சொல்வது உண்மை..."

ஈஸ்வரன் ஏணியில் தாவி ஏறி அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான். வாங்கியது மரியாதையாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா மக்களே! கெணத்த மூடுனவன் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரியிறான். அதுக்காகச் சண்ட போட்டவங்க, தப்பு என் மேலன்னு கையெடுத்துக் கும்புடுறாங்க. இந்த மனசு எந்த எம்.எல்.ஏ.வுக்குய்யா இருந்துச்சு?"

வீதி அதிர்ந்தது. பூக்கள் வேனின் மேல் வந்து விழுந்தன. மணிமேகலை மைக்குக்காகக் கையை நீட்டினாள். கூட்டம் அதை வணக்கம் என்று நினைத்துத் திரும்ப வணங்கியது. பெண்களின் நடுவில் ஜக்கம்மாளின் முகம் தெரிந்தது. அவள் மட்டும் கைதட்டவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மோட்டார் எடுக்காமல் முனகும்போது அதைப் பார்ப்பதுபோல வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று இறங்கியதும் மணிமேகலை கேட்டாள்.

"நீங்க உண்மையச் சொன்னீங்க. நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லலையேக்கா" என்றான் ஈஸ்வரன். "கேள்விதான் கேட்டேன்."



வாக்குப்பதிவு முடிந்தது. பூசாரிக்களத்தில் தையல் மிசினுக்குத்தான் விழுந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பெட்டிகள் சீல் வைத்து உள்ளே போய்விட்டன. எண்ணிக்கைக்கு இன்னும் நாள் இருந்தது. ஊரில் வெறும் வெயில் மட்டும் மிச்சமிருந்தது.

திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் அவளுடைய அலுவலகம். ஒரு முற்பகலில் ஜக்கம்மாள் படியேறி வந்தாள். கையில் ஒரு மடித்த தாளும் வாழை இலைப் பொட்டலமும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் தன் தோட்டத்து மல்லிகையைத் தொடுத்து அப்படி ஒரு பொட்டலம் கொண்டுவருவது வழக்கம். இன்றைக்கு அதை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"செடி எப்படி இருக்குக்கா?"

"பாதிய வெட்டிட்டேன். மீதிக்கு டேங்கர் தண்ணி ஊத்துறோம்." தாளை மேசையில் வைத்துத் தள்ளினாள். "வேற வக்கீலு பாத்துருக்கேன். நீ கையெழுத்துப் போட்டாத்தான் அவரு எடுப்பாராம்."

புதிய வக்காலத்து. திண்டுக்கல்லில் எந்த வக்கீலும் முந்தைய வக்கீலின் சம்மதம் இல்லாமல் வழக்கைத் தொடமாட்டார். ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலையில் உட்கார்ந்திருந்த ஜீவிதா எழுந்து நின்றுவிட்டாள்.

"மைக்குல நீ சொன்னத ஊரு நம்பல" என்றாள் ஜக்கம்மாள். "நான் நம்புனேன். நமக்குத்தான தெரியும். ஓட்டும் ஒனக்குத்தான் போட்டேன்."

"ஓட்டு எனக்கா?"

"பின்ன? அவனுக்கா போடுவேன்?" ஜக்கம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். "நீ ஜெயிச்சா ரோட்டுக்கு வாரேன், லைட்டுக்கு வாரேன். நீ மறந்தாலும் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக்கிருவேன். அதுல ஒரு மாசம் முன்ன பின்ன ஆனாக் குடி முழுகிப் போகாது. கேசு அப்படியில்லயே தாயி. அங்க வந்து நான் சத்தம் போட முடியாது. ஒன் வாயி தெறந்தாத்தான் எனக்கு."

மணிமேகலை பேனாவை எடுத்தாள். மறுப்பதற்கு அவளிடம் வாதம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியிருக்கும். எழுதினாள். கையெழுத்திட்டாள்.

"தேதி போட்டியா?"

"போட்டேன்."

"எதுவும் விட்டுப் போச்சான்னு ஒருவாட்டி பாத்துரு."

அவள் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஜக்கம்மாள் அவசரப்படுத்தவில்லை. ஜீவிதா அலமாரியிலிருந்து கேஸ் கட்டை எடுத்து வந்து கொடுத்தாள். ஜக்கம்மாள் அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் வாங்கி, கனம் பார்த்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"கடப்பூவு. பஸ்டாண்டுல வாங்குனேன்" என்றாள். "வெறுங்கையோட வந்து பழக்கமில்ல."

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. மணிமேகலை இலையைப் பிரித்தாள். மொட்டெல்லாம் விரிந்து, ஓரம் பழுத்த நேற்றைய பூ. ஜக்கம்மாள் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு பூ ஒருநாளும் வந்ததில்லை.

"ஜீவிதா" என்றாள். அந்தப் பெயரைச் சொன்னதும், எந்த ஊர் என்றுகூட நினைவில்லாத ஒரு கைக்குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது.

"மேடம்?"

"தடை வாங்குன கட்டு எல்லாத்தையும் எடுத்து வை. ஒவ்வொண்ணா, எழுதியிருக்கிறதப் பாக்கணும்."